துருவ வடிவக் கணக்கு தப்பினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

துருவ வடிவத்தில் ஒரு கலப்பெண்ணுக்கு இரண்டே விவரம்: எவ்வளவு நீளம், எந்தக் கோணம். நீளத்தில் தவறு வருவது குறைவு, வந்தாலும் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். தொல்லையெல்லாம் கோணத்தில்தான். எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறோம், எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம், எந்த அலகு, எத்தனையாவது சுற்று என்ற நான்கில் ஒன்று பிசகியிருக்கும். நல்ல வேளையாக ஒவ்வொரு பிசகும் தனக்கென ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகிறது. 180 தள்ளிப் போனால் ஒரு காரணம், 90-இலிருந்து கழித்தது போல வந்தால் வேறு காரணம். அதனால் கணக்கை முதலிலிருந்து போடுவதற்கு முன், விடை எவ்வளவு தப்பியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. −1-இன் வர்க்கமூலத்தைக் கணிதத்தில் ஐ என்பார்கள். மின்துறையில் அந்த எழுத்தைக் கரண்டு எடுத்துக்கொண்டதால் ஜே. இங்கே எல்லா இடத்திலும் ஜே. 5∠30° என்றால் நீளம் 5, கோணம் 30 டிகிரி.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மட்டும் வரும் ஒரு குழப்பமும் உண்டு. கணிதப் புத்தகத்தில் கலப்பெண்ணின் "வீச்சு" என்றால் கோணம், "மட்டு" என்றால் நீளம். இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் அலையின் "வீச்சு" என்பது நீளம். புள்ளியியலிலோ மிகப் பெரிய மதிப்பிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் வருவது "வீச்சு". ஒரே மாணவர் ஒரே வாரத்தில் மூன்றையும் படிக்கிறார். இங்கே அந்தச் சொல்லையே தவிர்த்து நீளம், கோணம் என்று மட்டும் சொல்கிறோம்.

முதலில் ஒரு நிமிடச் சோதனை

கால்குலேட்டரிலோ கணினியிலோ (−3, 4) என்ற புள்ளியைத் துருவ வடிவுக்கு மாற்றுங்கள். 5∠126.87° வர வேண்டும், ரேடியனில் 2.2143. அதையே திருப்பிப் போட்டால் −3-உம் 4-உம் கிடைக்க வேண்டும். (3, 4) போட்டுச் சோதிப்பதில் பயனில்லை. முதல் கால்பகுதியில் தவறான சூத்திரமும் சரியான விடையைத் தந்துவிடும். இந்தச் சோதனை தேறினால் கருவி சரி, பிழை உங்கள் கணக்கில். தேறாவிட்டால் அடுத்த மூன்று பகுதிகளில் விஷயம் இருக்கிறது.

சைன் 30 கேட்டால் 0.5 வரவில்லை

−0.988 வந்தால் கருவி ரேடியனில் இருக்கிறது. 0.454 வந்தால் கிரேடியனில் இருக்கிறது, அதில் நேர்கோணம் 100 என்பதால் 30 கிரேடியன் 27 டிகிரிக்குச் சமம். கேசியோ கால்குலேட்டரில் திரையின் மேல் ஓரத்தில் டி, ஆர், ஜி என்ற சிறு எழுத்துகளில் எது தெரிகிறது என்று பாருங்கள். எக்செல் போன்ற விரிதாள்களும் பெரும்பாலான நிரல்மொழிகளும் ரேடியனில்தான் எண்ணும், அங்கே மாற்ற எந்தப் பட்டனும் கிடையாது. உள்ளே கொடுக்கும்போது பை/180-ஆல் பெருக்குங்கள், வெளியே எடுக்கும்போது 180/பை-ஆல் பெருக்குங்கள். விடை 57.3 மடங்கு சிறிதாகவோ பெரிதாகவோ தெரிந்தால் இந்தப் பெருக்கல் விட்டுப்போயிருக்கிறது.

கால்குலேட்டரில் "போல்" (துருவ வடிவுக்கு மாற்றுவது), "ரெக்" (எக்ஸ், ஒய்க்குத் திருப்புவது) என்ற இரு செயல்களைப் பயன்படுத்தும்போது இன்னொன்று. விடை திரையில் தெரிவதோடு நிற்காமல் நினைவகத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். எம்.எஸ். வகை மாடல்களில் இ, எஃப் என்ற இடங்களில், இ.எஸ். வகையில் எக்ஸ், ஒய் என்ற இடங்களில். நீங்கள் எக்ஸில் வேறு எதையாவது சேமித்திருந்தால் அது போய்விட்டது. எம்.எஸ். மாடலில் நீளம் மட்டும்தான் திரையில் வரும், கோணத்தைப் பார்க்க ஆர்.சி.எல். அழுத்தி எஃப் அழுத்த வேண்டும். "ஒரு விடைதான் வருகிறது" என்ற புகாரின் காரணம் இதுவே.

கோணம் சரியாக 180° தள்ளி நிற்கிறது

டேன் இன்வர்ஸ் மட்டும் போட்டிருப்பீர்கள். −3 + ஜே4-க்கு 4/(−3) என்று வகுத்து டேன் இன்வர்ஸ் எடுத்தால் −53.13° வரும். அது நான்காம் கால்பகுதி, புள்ளியோ இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது. வகுக்கும்போது இரண்டு குறிகளும் கலந்து ஒரே குறி ஆகிவிடுகிறது. எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்பது அங்கேயே தொலைந்துபோகிறது. டேன் இன்வர்ஸால் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

கையால் போடும் வழி: குறிகளை விட்டுவிட்டு 4/3-க்கு மட்டும் டேன் இன்வர்ஸ் எடுத்து 53.13° என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புள்ளியைப் படத்தில் குறியுங்கள். முதல் கால்பகுதி என்றால் அதுவே விடை. இரண்டாவது என்றால் 180-இலிருந்து கழியுங்கள். மூன்றாவது என்றால் அதிலிருந்து 180-ஐக் கழியுங்கள். நான்காவது என்றால் கழித்தல் குறி போடுங்கள். முதன்மைக் கோணம் −180-க்கு மேல், 180 வரை என்ற எல்லைக்குள் வந்துவிடும். மெய்ப்பகுதி 0 என்றால் வகுக்கவே கூடாது: மேலே இருந்தால் 90°, கீழே இருந்தால் −90°. கால்குலேட்டர் "மேத் எரர்" காட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

படம் போட ஐந்து விநாடி ஆகும். தேர்வில் இந்த ஐந்து விநாடியை மிச்சப்படுத்தியவர்கள்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

53.13 வர வேண்டிய இடத்தில் 36.87

இரண்டும் சேர்ந்தால் 90. அப்படியென்றால் எக்ஸும் ஒய்யும் இடம் மாறிவிட்டன. நிரல்மொழிகளில் கால்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏடேன்2 என்ற செயல் இருக்கிறது. சி, பைத்தான் போன்றவற்றில் அதற்கு ஒய்யை முதலில் கொடுக்க வேண்டும். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் மூன்றிலும் எக்ஸை முதலில் கொடுக்க வேண்டும். விரிதாளில் சரியாக ஓடிய சூத்திரத்தை அப்படியே பைத்தானுக்குத் தூக்கிப்போனால் எந்த எச்சரிக்கையும் வராது, எல்லாக் கோணமும் 45 டிகிரிக் கோட்டில் கண்ணாடி வைத்தது போலத் திரும்பியிருக்கும்.

அதே கண்ணாடி வேலை நில அளவையிலும் நடக்கிறது. கணிதக் கோணம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணப்படுகிறது. திசைக்கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணப்படுகிறது. திசைக்கோணம் 60°, நீளம் 50 மீட்டர் என்றால் கிழக்கே 43.30 மீட்டர், வடக்கே 25.00 மீட்டர். பள்ளிப் பழக்கத்தில் காஸை எக்ஸுக்கும் சைனை ஒய்க்கும் போட்டால் இரண்டும் இடம் மாறும். இதில் ஏமாற்று என்னவென்றால், நிலத்தின் பரப்பு சரியாகவே வரும். சுற்றளவு வரிசையும் தொடங்கிய புள்ளியில் வந்து மூடும். வழக்கமாகச் செய்யும் இரண்டு சோதனைகளும் தேறிவிடும், வரைபடம் மட்டும் இடவலம் மாறியிருக்கும். ஆகவே கோணத்தை முதலிலேயே "90 கழித்தல் திசைக்கோணம்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கிழக்கு = சைன், வடக்கு = காஸ் என்று தாளின் தலையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கலப்பெண்ணைத் தளத்தில் கோடாக வரையலாம் என்று 1797-இல் டேனிஷ் அறிவியல் கழகத்தில் கட்டுரை படித்த காஸ்பர் வெஸ்ஸல் தொழிலால் நில அளவையாளர். அர்கான் அதே எண்ணத்தை 1806-இல் அச்சிட்டார், படத்துக்குப் பெயர் அவருடையதாக நின்றுவிட்டது.

காற்றுத் தரவில் இதோடு இன்னொரு 180 சேரும். வானிலைத் தரவில் காற்றின் திசை என்பது அது வரும் திசை. இது தமிழருக்குப் புதிதல்ல: தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. தென்மேற்குப் பருவக்காற்று 225° என்று பதிவாகும், ஆனால் அது போவது வடகிழக்கு நோக்கி. போகும் திசையின் கணிதக் கோணம் வேண்டுமென்றால் 270-இலிருந்து பதிவான திசையைக் கழியுங்கள்: 270 − 225 = 45°. வரைபடத்தில் எல்லா அம்புகளும் தலைகீழாக நின்றால் இந்த 180-ஐ விட்டுவிட்டீர்கள்.

பாகங்களின் வோல்டேஜைக் கூட்டினால் சப்ளையை மிஞ்சுகிறது

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் 30 ஓம் ரெசிஸ்டரும், 0.1273 ஹென்றி காயிலும் தொடராக இருக்கின்றன. காயிலின் மறுப்பு 40 ஓம். மீட்டர் வைத்தால் ரெசிஸ்டரில் 138 வோல்ட், காயிலில் 184 வோல்ட். கூட்டினால் 322. மீட்டரும் கெடவில்லை, சப்ளையும் ஏறவில்லை. துருவ வடிவில் பெருக்கலாம், வகுக்கலாம், கூட்டக் கூடாது என்பது மட்டும்தான் பாடம். மீட்டர் நீளத்தைக் காட்டுகிறது, கோணத்தைக் காட்டுவதில்லை. 138-உம் 184-உம் ஒன்றுக்கொன்று 90° விலகி நிற்கின்றன, 138-இன் வர்க்கத்தையும் 184-இன் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் 230.

கூட்டவோ கழிக்கவோ வேண்டுமென்றால் செவ்வக வடிவுக்கு (30 + ஜே40 போல எழுதுவது) வாருங்கள், முடிந்ததும் துருவ வடிவுக்குத் திரும்புங்கள். மொத்த மறுப்பு 30 + ஜே40 = 50∠53.13°. கரண்டு 230∠0° வகுத்தல் 50∠53.13°, அதாவது 4.6∠−53.13° ஆம்பியர். மாறுமின்னோட்டச் சுற்றுகளை இப்படிக் கலப்பெண்ணாக எழுதிப் போடும் முறையை 1893-இல் சிகாகோ மின்பொறியியல் மாநாட்டில் மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் விளக்கினார். அதற்கு முன் இதே கணக்குக்கு வகைக்கெழுச் சமன்பாடோ வரைபடமோ போட வேண்டியிருந்தது.

வெவ்வேறு அதிர்வெண்ணுள்ளவற்றை இந்த முறையில் கூட்டவே முடியாது. 50 ஹெர்ட்ஸில் 10 ஆம்பியரும் 150 ஹெர்ட்ஸில் 3 ஆம்பியரும் ஒரே கம்பியில் போனால் கோணம் எதுவாக இருந்தாலும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் 10.44 காட்டும்.

பவர் இரண்டு மடங்கு, அல்லது குறி மாறி வருகிறது

மேலே உள்ள சுற்றில் உண்மையான பவர் 634.8 வாட். கரண்டின் வர்க்கத்தை 30-ஆல் பெருக்கிச் சரிபார்க்கலாம். இரண்டு மடங்காக 1269.6 வந்தால் 230-க்குப் பதில் அதன் உச்ச மதிப்பு 325.3-ஐயும், கரண்டிலும் உச்ச மதிப்பையும் எடுத்திருக்கிறீர்கள். உச்ச மதிப்பில் போட்டால் விடையைப் பாதியாக்க வேண்டும்.

வோல்டேஜையும் கரண்டையும் நேராகப் பெருக்கினால் வேறொரு தவறு. கரண்டின் கோணக் குறியை மாற்றிவிட்டு, அதாவது அதன் இணைக் கலப்பெண்ணை எடுத்துவிட்டுப் பெருக்க வேண்டும். வோல்டேஜின் கோணம் 0 ஆக இருக்கும்வரை இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும்: வாட் சரியாக வரும், வாரின் (வேலை செய்யாமல் போய்வரும் பவரின் அலகு) குறி மட்டும் மாறும். வோல்டேஜை 230∠30° என்று திருப்பிவைத்தால் கரண்டு 4.6∠−23.13°. நேராகப் பெருக்கினால் 1058∠6.87°, பவர் 1050 வாட் என்று வரும். பார்க்கும் கோட்டைத் திருப்பியதால் ரெசிஸ்டர் கூடுதலாகச் சுடாது. இணை எடுத்துப் பெருக்கினால் எப்போதும் 1058∠53.13°, அதே 634.8.

மூன்று லைன் வோல்டேஜில் இரண்டு 230, ஒன்று 398

ஸ்டார் இணைப்பில் ஒவ்வொரு ஃபேஸும் 230 வோல்ட் என்றால் லைன் வோல்டேஜ் மூன்றும் 398 வர வேண்டும். 230∠0°-இலிருந்து 230∠−120°-ஐக் கழித்தால் 398.4∠30°. கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 230∠−60°. தாளில் 230 வந்தால் குறியில் பிழை.

களத்தில் மீட்டரே அப்படிக் காட்டினால் ஒரு காயிலின் தொடக்கமும் முடிவும் மாறி இணைக்கப்பட்டிருக்கிறது. ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் ஆர்-ஒய் 230, பி-ஆர் 230, ஒய்-பி 398 என்றால், குறைந்த இரண்டிலும் பொதுவாக இருப்பது ஆர். அந்தக் காயிலின் முனைகளை மாற்றுங்கள், சப்ளையை முழுதாக நிறுத்திய பிறகு. ஒவ்வொரு ஃபேஸையும் நியூட்ரலுக்கு வைத்துப் பார்த்தால் மூன்றும் 230 காட்டும் என்பதால் அந்தச் சோதனையில் இது பிடிபடாது.

பேலன்ஸ் செய்த ஃபேனில் அதிர்வு கூடிவிட்டது

துருவ வடிவத்தில் பிழை விட்டால் உடனே காதில் கேட்கும் இடம் இதுதான். முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

முதல் ஓட்டத்தில் அதிர்வு விநாடிக்கு 6 மில்லிமீட்டர், கோணம் 40°. இம்பெல்லரில் (ஃபேனின் சுழலும் சக்கரம்) 0° குறியில் 20 கிராம் டிரையல் வெயிட் (சோதனை எடை) வைத்து அதே வேகத்தில் ஓட்டினால் 8∠110°. டிரையல் வெயிட் மட்டும் உண்டாக்கிய விளைவு இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தது. கழித்தல் என்பதால் செவ்வக வடிவம்: (−2.736, 7.518) கழித்தல் (4.596, 3.857) = (−7.332, 3.661). துருவ வடிவில் 8.195∠153.47°. அதாவது 0 டிகிரியில் வைத்த 20 கிராம், 153.47 டிகிரியில் 8.195 அளவு அதிர்வைத் தருகிறது. நமக்கு வேண்டியது முதல் அதிர்வுக்கு நேர் எதிரான 6∠220°. ஆகவே எடை 20 × 6/8.195 = 14.64 கிராம், இடம் 220 − 153.47 = 66.53°. டிரையல் வெயிட்டைக் கழற்றிவிட்டு, அது இருந்த அதே ஆரத்தில் இதை வைக்க வேண்டும். ஆரம் மாறினால் எடையையும் எதிர்விகிதத்தில் மாற்றுங்கள்.

இப்போது தப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஓட்டிப் பார்த்ததும் அதிர்வு 12 அருகே வந்தால் எடை நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள்: 180-ஐச் சேர்க்க மறந்தது, அல்லது 153.47-க்குப் பதில் டேன் இன்வர்ஸ் கொடுத்த −26.53-ஐ அப்படியே எடுத்தது. இரண்டையும் ஒருசேரச் செய்திருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஃபேன் அமைதியாக ஓடும், அடுத்த ஃபேனில்தான் வம்பு வரும்.

11 அருகே வந்தால் கோணத்தை எண்ணிய திசை தவறு. அளவுக்கருவி சுழற்சிக்கு எதிர்த்திசையில் எண்ணுகிறது, நீங்கள் சுழற்சித் திசையிலேயே 66.53-ஐ எண்ணி வெல்டிங் செய்துவிட்டீர்கள். எடையை 0° குறிக்கு மறுபக்கம் அதே கோணத்தில் மாற்றுங்கள். எந்தத் திசை என்று உங்கள் கருவியின் கையேட்டில் ஒருமுறை பார்த்து, ஃபேனின் கவசத்தில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவையுங்கள்.

8.2 வந்தால் கணக்கு முழுக்கச் சரி. டிரையல் வெயிட்டைக் கழற்ற மறந்துவிட்டீர்கள். மிச்சமிருப்பது அது தரும் அதிர்வு மட்டுமே.

நடைமுறையில் எண்கள் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் எந்தக் குழுவில் விழுகிறது என்பது தெரியும். டிரையல் வெயிட் வைத்ததும் அதிர்வு ஏறக்குறைய 30 சதவீதமோ கோணம் 30 டிகிரியோ மாறவில்லை என்றால் மேற்கொண்டு கணக்கே போடாதீர்கள். இரண்டு நெருங்கிய எண்களைக் கழித்தால் மிஞ்சுவது அளவீட்டுப் பிழைதான், அதன் கோணத்தை நம்ப முடியாது. எடையைக் கூட்டிவைத்து மறுபடி ஓட்டுங்கள். ஒரே எடையில் இரண்டு முறை ஓட்டினால் கோணம் 20, 30 டிகிரி அலைகிறது என்றால் அது பேலன்ஸ் கோளாறு அல்ல. தளர்ந்த போல்ட், பிளேடில் ஒட்டி உதிரும் தூசி, தேய்ந்த பேரிங் என்று தேடுங்கள்.

மூலம் கேட்டால் ஒன்றுதான் வருகிறது

−8-இன் மூன்றாம் மூலம் −2 மட்டுமல்ல. −8-ஐ 8∠180° என்று எழுதி, கோணத்தோடு முதலில் 360, 720 என்று சேர்த்து, அதன் பிறகு மூன்றால் வகுக்க வேண்டும்: 2∠60°, 2∠180°, 2∠300°. வகுத்துவிட்டு 360 சேர்த்தால் அதே மூலமே திரும்பத் திரும்ப வரும், "மூன்றும் ஒன்றாகவே வருகிறது" என்றால் இதுதான். பைத்தானில் −8-ஐ 1/3 அடுக்குக்கு உயர்த்தினால் −2 வராமல் 1 + ஜே1.732 வருவதும் பிழையல்ல. அது முதன்மைக் கோணத்தை மட்டும் வகுத்துத் தருகிறது.

அடுக்கு எடுக்கும்போது நீளத்தை அடுக்கு ஏற்ற மறப்பவர்கள் அதிகம். 1 + ஜே-ஐ 10-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் நீளம் √2-இன் 10-ஆம் அடுக்கு, அதாவது 32. கோணம் 450°, ஒரு சுற்றைக் கழித்தால் 90°. விடை ஜே32.

டி மாய்வர் தேற்றம் தவறான விடை தருகிறது

அடுக்கு எடுக்கக் கோணத்தை அந்த அடுக்கால் பெருக்கினால் போதும் என்ற இந்தத் தேற்றம் காஸ் + ஜே சைன் என்ற வரிசைக்கு மட்டும்தான். சைன் 30° + ஜே காஸ் 30° என்று தந்து 12-ஆம் அடுக்கு கேட்டால், கோணத்தை நேராக 12-ஆல் பெருக்குபவர்களுக்கு ஜே கிடைக்கும். முதலில் 90-இலிருந்து கழித்து காஸ் 60° + ஜே சைன் 60° என்று மாற்றுங்கள். 720° ஆகும், விடை 1.

−5∠30° என்று எழுதியிருந்தால் அது துருவ வடிவமே அல்ல. நீளத்துக்குக் கழித்தல் குறி கிடையாது. குறியைக் கோணத்துக்குள் தள்ளி 5∠−150° என்று எழுதுங்கள்.

ஆனால் துருவ வளைவரை வரையும்போது இந்த விதி தலைகீழ். அங்கே ஆரம் எதிர்மமாக வரலாம், வந்தால் புள்ளியை எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டும். ஆரம் = காஸ் 2தீட்டா என்பது நான்கு இதழ்ப் பூ. உங்கள் படத்தில் இரண்டு இதழ்தான் இருக்கிறது என்றால் எதிர்ம ஆரங்களை மென்பொருளோ நீங்களோ தூக்கிப்போட்டுவிட்டீர்கள். ஆரம் = காஸ் 3தீட்டா மூன்றிதழ். அது 0-இலிருந்து 180-க்குள் முழுதாக வரைந்து முடிந்துவிடும். 360 வரை தொகையிட்டால் ஒவ்வொரு இதழும் இரண்டு முறை எண்ணப்பட்டு, பை/4 வர வேண்டிய பரப்பு பை/2 ஆகிவிடும்.

வரைபடத்தில் கோணம் திடீரென்று 360 குதிக்கிறது

170, 176, −178, −172 என்று வரிசை போனால் சிக்னலில் எதுவும் நடக்கவில்லை. 182, 188 என்பதைத்தான் கருவி −180-க்கும் 180-க்கும் இடையில் மடித்துக் காட்டுகிறது. அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம் 180-ஐத் தாண்டும் இடத்தில் 360 கூட்டியோ கழித்தோ நீட்டுங்கள். பைத்தானின் நம்பை நூலகத்தில் இதற்கென அன்ராப் என்ற செயல் இருக்கிறது. அது இயல்பாக ரேடியனை எதிர்பார்க்கும், டிகிரியைக் கொடுத்தால் ஒழுங்கான வரிசையையும் கெடுத்துவிடும். உண்மையிலேயே இரண்டு மாதிரிகளுக்கு இடையில் கோணம் 180-க்கு மேல் மாறியிருந்தால் எந்தச் செயலாலும் கண்டுபிடிக்க முடியாது, அடர்த்தியாக மாதிரி எடுக்க வேண்டும்.

கோணம் தாறுமாறாக ஆடினால் அதே இடத்தில் நீளத்தைப் பாருங்கள். நீளம் கிட்டத்தட்ட 0 என்றால் அங்கே கோணத்துக்குப் பொருளே இல்லை. உச்ச நீளத்தில் நூறில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும் இடங்களின் கோணத்தை வரையாமல் விட்டுவிடலாம். கோணம் நேர்க்கோடாகச் சரிந்துகொண்டே போனால் அது தாமதம். ஹெர்ட்ஸுக்கு 3.6° சரிகிறது என்றால் 360-ஆல் வகுங்கள், சிக்னல் 0.01 விநாடி பிந்தி வருகிறது.

சராசரியிலும் இதே மடிப்புதான் கெடுக்கும். 350°-க்கும் 10°-க்கும் சராசரி 180 என்று விரிதாள் சொல்லும், வாடைக்காற்று தென்றலாகிவிடும். ஒவ்வொரு கோணத்துக்கும் காஸ், சைன் எடுத்து, அவற்றைத் தனித்தனியே கூட்டி, ஏடேன்2 போடுங்கள். 0° வரும்.

வட்டத்தின் பரப்பு 28.27-க்குப் பதில் 18.85

3 அலகு ஆர வட்டம். துருவ ஆயங்களில் சிறு பரப்பு என்பது ஆரத்தின் சிறு மாற்றம் பெருக்கல் கோணத்தின் சிறு மாற்றம் மட்டுமல்ல, அதோடு ஆரமும் பெருக்கப்பட வேண்டும். வெளியே போகப் போக அதே கோணத்துக்கு வில் நீளம் கூடுவதால் அந்த ஆரம். விட்டுவிட்டால் 3 × 2பை = 18.85.

இதே ஆரம் கணினி விளையாட்டு எழுதுபவர்களையும் பிடிக்கும். வட்டத்துக்குள் தற்செயலாகப் புள்ளிகளைத் தூவ, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தற்செயல் எண்ணை ஆரத்தால் பெருக்கினால் புள்ளிகள் நடுவில் குவியும். பாதி ஆரத்துக்குள் கால்பங்கு புள்ளிகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் பாதி இருக்கிறதா? தற்செயல் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்துவிட்டு ஆரத்தால் பெருக்குங்கள்.

துளைகள் வட்டத்தில் உட்காரவில்லை

ஃபிளேஞ்சில் 8 துளை, பி.சி.டி. (துளை மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 120 மில்லிமீட்டர் என்றால் ஆரம் 60. எல்லாத் துளையும் இரண்டு மடங்கு தள்ளி விழுந்தால் 120-ஐ ஆரமாகக் கொடுத்திருக்கிறீர்கள். ட்ரில் போடுவதற்கு முன் சென்டர் பஞ்ச் குறிகளை வெர்னியரால் அளந்துவிடுங்கள்: பக்கத்துப் பக்கத்துத் துளை மையங்களுக்கு இடையே 120 × சைன் 22.5° = 45.92 மில்லிமீட்டர் வர வேண்டும். ஏழு இடைவெளி சரியாக இருந்து கடைசி ஒன்று மட்டும் தப்பினால் கோணத்தை 45.0 என்று வைக்காமல் எங்கோ வெட்டி எழுதிய எண்ணைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு துளையின் கோணத்தையும் 0-இலிருந்து நேராகக் கணக்கிடுங்கள்.

ஃபானுக் வகை சி.என்.சி. இயந்திரக் கன்ட்ரோலரில் ஜி16 என்ற கட்டளையைப் போட்டதும் எக்ஸ் என்பது ஆரமாகவும் ஒய் என்பது டிகிரிக் கோணமாகவும் மாறிவிடும். துளைகள் சரியாக விழுந்து, அதற்கடுத்த நேர்க்கோட்டு நகர்வு மட்டும் எங்கோ போனால் ஜி15 போட்டு அந்த முறையை நிறுத்தவில்லை.